சுவருக்குக் கண்ணாடி போட்டவன்

வாங்க தம்பி. வீடு வாடகைக்குன்னு பால்காரர் சொல்லித்தானே வந்தீங்க? பாத்து எறங்குங்க, கேட்டுக்கு உள்ள பள்ளம். நான் பள்ளமாக் கட்டல. ரோட்டுக்காரன் மேடாக்கிட்டான். ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலயே தாரைக் கொட்டிட்டுப் போவான். இப்போ ரோட்டுல நடக்கிறவன் குனிஞ்சு என் ஜன்னல்ல பாத்து, இன்னைக்கு என்ன குழம்புன்னு தெரிஞ்சுக்கிறான்.

உக்காருங்க. வீட்டை அப்புறம் பாக்கலாம். உங்களுக்கு என்ன வேலை? மருந்துக் கம்பெனியா? டாக்டர் டாக்டராப் போயி பையோட வாசல்ல நிக்கிறது. சரி, அதுவும் ஒரு வேலைதான். நான் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்து ரிட்டையர் ஆனவன். டைம் கீப்பர் தணிகாசலம்னு கேட்டுப் பாருங்க, கடலூர்ல எந்தப் பழைய டிரைவரும் எந்திரிச்சு நின்னு பதில் சொல்லுவான். நான் விசில் ஊதாம ஒரு வண்டி நகராது.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடறேன். நீங்க குடிவர்றதுக்கு முன்னாடியே எதிர் வீட்டுக்காரன் உங்க காதுல ஓதுவான். ‘அந்த வீட்டுல அஸ்திவாரம் போயிடுச்சு’ம்பான். அஸ்திவாரம் என்ன பஸ்ஸா, கெளம்பிப் போறதுக்கு? அவன் வீட்டைப் பாருங்க. வீடா அது, தேரா? மண்ணைக் கொட்டிக் கொட்டி மேடாக்கி அதுக்கு மேல ஏத்திக் கட்டியிருக்கான். அவன் அம்மா முட்டி வலியில வருஷக்கணக்கா வாசப்படியே எறங்கல. நான் அந்த மாதிரி பயந்தாங்கொள்ளி இல்ல. இந்த நகர் பூரா முன்னாடி வயலு. இருக்கிறதுலயே தாழ்வான மனை இதுதான். அதனாலதான் சல்லிசாக் கெடைச்சுது. கொத்தனார் இழுத்தான். ‘சார், சுத்துவட்டாரத் தண்ணியெல்லாம் இங்கதான் வந்து நிக்கும், பேஸ்மட்டத்தைக் கொஞ்சம் ஒசத்துவோம்’னான். ‘நீ செங்கல்லைப் பாரு, வானத்தைப் பாக்காதே’ன்னுட்டேன். நானே பக்கத்துல நின்னு வேலை வாங்கின வீடு தம்பி இது.

நல்லாத்தான் இருந்துச்சு. மாப்பிள்ளை வர்ற வரைக்கும்.

எனக்கு ஒரே பொண்ணு, சுகந்தி. மாப்பிள்ளை பேரு இளவழகன். பேரைக் கேட்டா ஆளு எப்படியோன்னு நெனைப்பீங்க. மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை. வர்றவன் கண்ணைச் சோதிச்சு, ‘இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா’ன்னு நாள் பூராக் கேக்குற உத்தியோகம். அந்தக் கடை இங்க ஒரு கிளை தொறந்துச்சு. பொண்ணும் மாசமா இருந்தா. பின்பக்க ரூம் சும்மாத்தானே கெடக்கு, இங்கயே வந்து இருங்கன்னு நான்தான் சொன்னேன். என்னோட பெருந்தன்மை. அதுக்கு எனக்குக் கெடைச்ச பரிசைக் கேளுங்க.

மொத மழைக்கே ஆரம்பிச்சுட்டான். நல்லா அடிச்சு ஊத்துது, மனுஷன்னா உள்ள உக்காந்து சூடா எதையாவது தின்னுட்டு இருக்கணும். இவன் கொடையைப் பிடிச்சுட்டு வீட்டைச் சுத்துறான். கோயில் பிராகாரம் சுத்துற மாதிரி நின்னு நின்னு சுத்துறான். அப்புறம் உள்ள வந்து தலையைத் தொவட்டிக்கிட்டே சொல்றான்: “மாமா, மொட்டை மாடித் தண்ணி பூரா செவுத்து ஓரமாவே விழுது. அங்கயே மண்ணுக்குள்ள எறங்குது. ஒரு பைப்பை நீட்டி தள்ளி விட்டுடலாமா?”

“மாப்பிள்ளை, தண்ணின்னா கீழதான் விழும். மேல போகாது”ன்னேன்.

என் வீட்டுக்காரி சிரிச்சா. அவனும் சிரிச்சான். அதோட விட்டிருக்கலாம்ல? விடல. அடுத்து, கொல்லை மண்ணு வீட்டைப் பாத்துச் சரிஞ்சிருக்காம். வெளிப்பக்கமாச் சரியணுமாம். செவுத்து ஓரத்துல களிமண்ணைக் கொட்டித் திமிசுக் கட்டையால இடிச்சுக் கெட்டியாக்கி, அது மேல சரிவா சிமென்ட் பூசணுமாம். ஒருநாள் நான் ரேஷன் கடைக்குப் போயிட்டு வர்றேன், கொல்லையில ஒரு கொத்தனார் நூல் பிடிச்சிட்டிருக்கான். “யாருடா உன்னை வரச் சொன்னது?”ன்னேன். “கண்ணாடிக்கடை சார்தான்”னான். “கண்ணாடிக்கடை சார் வீட்டுல போயி நூல் பிடி. இது டைம் கீப்பர் வீடு”ன்னு தொரத்தி விட்டேன். சாயங்காலம் வந்தவன் ஒரு வார்த்தை கேக்கல. அதான் அவன்கிட்ட எனக்குப் பிடிக்காதது. சண்டை போட்டாலாவது ஆம்பளைன்னு ஒத்துக்கலாம். மூஞ்சைக் கழுவிட்டு வந்து, “சாப்பிட்டீங்களா மாமா”ன்னு கேக்குறான்.

அப்புறம் என் வாழை மேல கண்ணு வச்சான். சமையக்கட்டுக்குப் பின்னாடி செவுத்தை ஒட்டி ஒரு வாழைக் கூட்டம் வச்சிருந்தேன். பாத்திரம் கழுவுற தண்ணி, குளிக்கிற தண்ணி, அரிசி களைஞ்ச தண்ணி எல்லாம் அதுக்குத்தான். அது எப்படி இருக்கும்கிறீங்க! ஒவ்வொரு எலையும் கல்யாணப் பந்தி எல. அதைப் பாத்து, “மாமா, அன்னாடம் இவ்வளவு தண்ணி செவுத்துக்கு அடியில போகுது. வாழையைத் தள்ளி வச்சுக்கலாம்”ங்கிறான். மறுநாள்ல இருந்து மோட்டாரைப் போட்டு ஹோஸ் வச்சு வாழைக்குத் தனியாவும் தண்ணி விட்டேன். அவன் ஜன்னல் வழியா பாத்துட்டுதான் இருந்தான். பாக்கட்டும்னுதான் விட்டேன்.

சமையக்கட்டு மூலையில ஒரு கோடு விட்டுச்சு. முடி மாதிரி. பூச்சு காஞ்சா கோடு விடாதா? உங்க மூஞ்சில விடலையா? தப்பா எடுத்துக்காதீங்க. ஓதம் ஏறி கொஞ்சம் உப்பு பூத்துச்சு, அம்புட்டுதான். அதுக்கு அவன் என்ன பண்ணினான் தெரியுமா? கடையில இருந்து மெல்லிசா ஒரு துண்டுக் கண்ணாடி கொண்டாந்து, அந்தக் கோட்டுக்குக் குறுக்கா ரெண்டு பக்கமும் சிமென்ட் வச்சு ஒட்டினான். “என்ன மாப்பிள்ளை, செவுத்துக்கும் பார்வை மங்கிடுச்சா?”ன்னேன். “இல்ல மாமா. விரிசல் நின்னுடுச்சுன்னா கண்ணாடி அப்படியே இருக்கும். செவுரு அசைஞ்சா ஒடைஞ்சிடும். அப்போ தெரிஞ்சுக்கலாம்”னான்.

தெருவுல போற வர்றவன்கிட்டல்லாம் சொன்னேன். செவுத்துக்குக் கண்ணாடி போட்ட மாப்பிள்ளையை எங்கயாவது பாத்திருக்கீங்களான்னு கேட்டேன். டீக்கடையில ரெண்டு நாள் இதே பேச்சு. கடைக்காரன் அவனைப் பாத்து, ‘சார், எங்க கடைச் செவுத்துக்கு என்ன பவர்’னு கேட்டிருக்கான்.

கண்ணாடி ஒடைஞ்சுது. ஒடையத்தான் செய்யும், கண்ணாடின்னா என்ன இரும்பா? என் வீட்டுக்காரி கரண்டியால தட்டியிருப்பா. அவ, “நான் அந்தப் பக்கம் போகவே இல்லீங்க”ன்னா. பூனை தட்டியிருக்கும். மறுபடியும் ஒண்ணு ஒட்டினான். அதுவும் ஒடைஞ்சுது. அன்னைக்குத்தான் அவன் குரல் மாறுச்சு. “மாமா, உங்க கால்ல வேணா விழுறேன். சமையக்கட்டை மட்டும் முன்பக்கம் மாத்திக்குவோம். கைக்கொழந்தை இருக்கு”ன்னான். பேத்தி அப்போதான் தவழ ஆரம்பிச்சிருந்தா. “கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. நீ செவுத்தைப் பாத்துப் பாத்துத்தான் செவுரு கூச்சப்பட்டு ஒடையுது”ன்னேன். அவன் தூளியை அவிழ்த்து முன் ரூம்ல கொண்டு போயிக் கட்டினான். எனக்கு எவ்வளவு அவமானம் பாருங்க. நான் கட்டின வீட்டுக்குள்ள, என் பேத்தியை ஒளிச்சு வைக்கிறான்.

காப்பி குடிக்கிறீங்களா? வேணாமா? நல்லதாப் போச்சு, பால் இல்ல.

பேத்திக்குக் காதுகுத்து வச்சோம். ஐப்பசி. மழைதான், ஆனா நல்ல நாள் அமைஞ்சுது. அவன் அப்பா அம்மா, எங்க ஆளுங்க, எல்லாரும் வந்திருந்தாங்க. நாலஞ்சு நாளா விடாம மழை பேஞ்சு கொல்லையில முட்டி நனையுற அளவுக்குத் தண்ணி. தண்ணி நின்னா என்ன, ரெண்டு நாள்ல பூமி குடிச்சிடும். பந்தியில எல போட்டுப் பரிமாறிட்டு இருக்கோம். எங்க மச்சான் கேக்குறாரு, “மாப்பிள்ளையை எங்க காணும்?”னு. போயிப் பாத்தா, பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு, மண்வெட்டியோட கொல்லைத் தண்ணியில நிக்கிறான். தண்ணியை வெளியேத்த வாய்க்கால் வெட்டுறானாம். வாய்க்கால் போற வழியில என் வாழை. கொலை தள்ளின மரம் தம்பி! இன்னும் பத்துப் பதினஞ்சு நாள்ல காய் முத்தியிருக்கும். வெட்டிச் சாய்ச்சுட்டான்.

அதைப் பாத்ததும் எனக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல. பந்திக்கு நடுவுல வந்து நின்னேன். “எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. என் சோத்தைத் தின்னுட்டு, என் ரூம்ல படுத்துட்டு, என் வாழையையே வெட்டியிருக்கான் வீட்டோட மாப்பிள்ளை. சொந்தமா ஒரு செங்கல் எடுத்து வைக்க வக்கு இல்லாதவன் என் அஸ்திவாரத்துக்கு வைத்தியம் பாக்குறான்”னேன். அவன் அப்பா எலையில பாதியில கையை வச்சுட்டு இருந்தாரு. எடுக்கவும் இல்ல, சாப்பிடவும் இல்ல. அவங்க அம்மா தலையைக் குனிஞ்சுட்டாங்க. எல்லாரும் கேக்கட்டும்னுதானே சொன்னேன்? உள்ளதைத்தானே சொன்னேன்?

அவன் சேத்துக் காலோட படியில நின்னான். “மாமா, வாழை போனா வச்சுக்கலாம்”னான். அம்புட்டுதான் பேசினான். சுகந்திதான் பேசினா. என் பொண்ணு. “அப்பா, இவரு இந்த வீட்டுல இருந்தது உங்க சோத்துக்கு இல்ல. ராத்திரி மழை பேஞ்சா உங்க ரூம் வாசல்லதான் உக்காந்திருப்பாரு, தெரியுமா உங்களுக்கு?”ன்னா. கொழந்தையைத் தூக்கிட்டு, சம்பந்தி வந்த வேன்லயே ஏறிட்டா. வாசல்ல உக்காந்தானாம். நான் என்ன நகைக்கடையா, வாட்ச்மேன் போட?

என் வீட்டுக்காரி போகல. பாத்திரம் அம்புட்டும் கழுவணும்ல. போகும்போது அவளைக் கூப்பிட்டுப் பாத்தான். “அத்தை, நீங்களும் வாங்க. இல்லைன்னா சமையக்கட்டுல மட்டும் நிக்காதீங்க”ன்னான். அவ என் மூஞ்சைப் பாத்தா. “அவரை விட்டுட்டு எப்படி மாப்பிள்ளை?”ன்னா. இதுதான் பொம்பளை. அஞ்சுகம்னு பேரு. என் பேச்சை மீறி அவ எதையும் பண்ணினதில்ல.

மறுநாள் காலையில சமையக்கட்டு மூலை கொஞ்சம் எறங்குச்சு. கொஞ்சம்தான். தரை ஒரு பக்கமா சாஞ்சுது, பரண் பிடிமானம் விட்டுச்சு. பரண் மேல கல்யாண அண்டா, குண்டான் எல்லாம் இருந்துச்சு. அவ அடுப்பு கிட்ட நின்னா. நான் வாசல்ல பேப்பர் படிச்சிட்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். ஓடினேன் தம்பி, ஓடலைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அவ கால் பரணுக்கு அடியில மாட்டியிருந்துச்சு. தூசி. கண்ணு தெரியல. அவ என்னைப் பாத்து, ‘என்னங்க’ன்னு கூப்பிடல. “மாப்பிள்ளைக்குப் போன் போடுங்க”ன்னா. முப்பத்தஞ்சு வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தினவ, கீழ கெடந்துட்டு, எதிர்ல நிக்கிற என்னை விட்டுட்டு, மாப்பிள்ளையைக் கூப்பிடுங்கிறா.

போட்டேன். என்ன பண்றது? “உங்க அத்தை விழுந்துட்டா”ன்னு மட்டும் சொன்னேன். “வீடு எறங்கிடுச்சா மாமா?”ன்னான். “வீடு நல்லா இருக்கு. அத்தைதான் விழுந்துட்டா”ன்னேன்.

வந்தான். தெருவுல சேறும் தண்ணியும், ஆம்புலன்ஸ் முக்குலயே நின்னுடுச்சு. அவனும் எதிர் வீட்டுக்காரனும் பரணைத் தூக்கி நிமித்தினாங்க. அப்புறம் இவன் அவளை ரெண்டு கையிலயும் ஏந்திட்டு அந்தச் சேத்துத் தண்ணியில முக்கு வரைக்கும் நடந்தான். சினிமாவுல வர்ற மாதிரி. எல்லாரும் மாடியில நின்னு வேடிக்கை பாத்தாங்க. அவனுக்கு அதுதானே வேணும்? நான் பின்னாடியே போயிருப்பேன். மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணணும், கேஸைப் பாக்கணும். வீட்டை யாரு பாத்துக்கிறது?

கால்ல கம்பி வச்சுத் தச்சிருக்காங்க. இப்போ நடக்கிறா. கைத்தாங்கலா நடக்கிறா.

ஏன் எறங்குச்சுன்னு நெனைக்கிறீங்க? அவன் வெட்டின வாய்க்கால்தான். மண்ணு நகந்துடுச்சு. இது ஒரு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஆனா அவன் ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்தான். சின்னப் பொண்ணு, தலையில தொப்பி. ஒரு நீளக் கம்பியை அஸ்திவாரத்துக்கு அடியில விட்டுப் பாத்துச்சு. கம்பி முழுசா உள்ள போயிடுச்சு. “சார், அடியில மண்ணே இல்ல. வருஷக்கணக்காத் தண்ணி எறங்கி அரிச்சிருக்கு. ஒருநாள் வேலை இல்ல இது”ங்குது. கம்பின்னா உள்ள போகத்தான் செய்யும், அதுக்குத்தானே கூர் வச்சிருக்கான்? “அந்த மூலையை முட்டுக் குடுத்து, துண்டு துண்டாத் தோண்டி, அடியில கான்கிரீட் போட்டுக் கெட்டிப்படுத்தணும். சுத்தி வடிகால் போடணும். செஞ்சா வீட்டைக் காப்பாத்திடலாம். அதுவரைக்கும் யாரும் உள்ள தங்கக் கூடாது”ன்னு சொல்லிட்டுப் போச்சு. எல்லாம் நானே செஞ்சு தர்றேன்னு மாப்பிள்ளை நிக்கிறான். கேட்டைச் சாத்தினேன். செஞ்சுட்டா என்ன ஆகும்? காலம் பூரா, ‘மாப்பிள்ளை நிமித்திக் குடுத்த வீடு’ன்னு பேராகும். அதுக்கு விழுந்தே போகலாம்.

அதாவது, விழாது. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

இப்போ அவங்க மஞ்சக்குப்பத்துல வாடகை வீடு. மாடி. கால் வைக்க ஒரு பிடி மண்ணு கெடையாது. ஒருதடவை போனேன். அஞ்சுகம் கட்டில்ல உக்காந்து பேத்திக்கு ஊட்டிட்டிருந்தா. “கெளம்பு, போலாம்”னேன். “மழை விடட்டுங்க”ன்னா. விட்டுச்சு. “வெயில் வந்து செவுரு காயட்டும்”னா. வந்துச்சு, காஞ்சுது. மறுபடி போயிக் கேட்டேன். அன்னைக்குத்தான் நேரா என்னைப் பாத்துச் சொன்னா: “நீங்க இங்க வாங்க. நான் அங்க வரல.” இவ்வளவுதான். சத்தம் போடல, அழல. எல்லாம் அவன் ஓதிக் குடுத்தது. அவளுக்கா அப்படிப் பேசத் தெரியும்?

சாப்பாடு அங்க இருந்துதான் வருது. கடைக்குப் போற வழியில கேரியரைக் கேட்டுல மாட்டிட்டுப் போவான். மூஞ்சியைப் பாக்க நான் வெளிய வர்றதில்ல. சாப்பிடுறேன். அஞ்சுகம் வச்ச குழம்பை அவன் மேல இருக்கிற கோவத்துல கொட்ட முடியுமா?

அதனாலதான் தம்பி, ஒரு குடும்பம் குடிவந்தாப் போதும். முன் ரூம் ரெண்டும் உங்களுக்குத்தான். வாடகை நீங்க குடுக்கிறதைக் குடுங்க. குடுக்காட்டியும் பரவாயில்ல. உள்ள வெளக்கு எரியுறதைப் பாத்தா இந்தத் தெரு வாயை மூடிக்கும். மனுஷங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா அவளும் வந்துடுவா. என்ன, கட்டில் ஏன் இங்க ஷெட்டுல கெடக்குன்னு பாக்குறீங்களா? உள்ள புழுக்கம். காத்துக்காகப் படுக்கிறது. மார்கழியில புழுங்காதுன்னு யாரு சொன்னது உங்களுக்கு?

அதுக்குள்ள ஏன் எந்திரிக்கிறீங்க? தூறல்தானே? இது ஒரு மழையா?

இதோ, அடிக்குது பாருங்க போன். தெரியும் எனக்கு. நாலு சொட்டு விழுந்தாப் போதும், கூப்பிட்டுடுவான். ‘மாமா, உள்ள இருக்காதீங்க, வெளிய ஷெட்டுக்கு வந்துடுங்க’ம்பான். அவன் சொல்லி நான் வெளிய வரணுமா? நான் எடுக்கிறதே இல்ல. அடிச்சு அடிச்சு ஓயட்டும்.

நீங்க எடுங்க தம்பி. எடுத்துச் சொல்லுங்க. மாமா உள்ளதான் இருக்காரு, சமையக்கட்டுல நின்னு சமைச்சிட்டு இருக்காருன்னு சொல்லுங்க. அப்படியே சொல்லுங்க. அப்போதான் புத்தி வரும்.

யாரு?

அவளா பேசுறா? அஞ்சுகமா?

எனக்கு வேணாம், குடுக்காதீங்க. இருங்க. உள்ள இருக்காருன்னு சொல்லிடாதீங்க தம்பி, அவகிட்ட அதைச் சொல்லாதீங்க. வெளியதான் இருக்காரு, கட்டில்லதான் உக்காந்திருக்காருன்னு சொல்லுங்க. மழை தொடங்கினதுமே வெளிய வந்துட்டாருன்னு சொல்லுங்க.